தன்னியக்கத் தொலைகாட்டியும் உழைப்பின் வரலாறும்: மலையகத்திலிருந்து ஒரு நோக்கு

1

விஞ்ஞானத்தின் வரலாறு பெரும்பாலும் மேதைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கலிலியோ தொலைகாட்டியை வானத்தை நோக்கித் திருப்பினார் என்று நூல்கள் தொடங்கும். அக்கருவிக்கு வில்லை தேய்த்த கைகள் யாருடையவை, பிற்காலத்தில் அதனிலும் பெரிய கருவிகளை மலையுச்சிகளுக்குச் சுமந்தவர் யார், இரவு முழுவதும் விழித்திருந்து எண்களைக் குறித்தவர் யார் என்னும் வினாக்கள் அந்நூல்களில் எழுவதில்லை. இலக்கியத்தை அதன் சமுதாயப் பின்னணியில் வைத்து ஆராய்தல் வேண்டும் என்பதை நாம் ஓரளவு ஏற்றுக்கொண்டுவிட்டோம். விஞ்ஞானக் கருவிகளையும் அவ்வாறே ஆராய்தல் வேண்டும் என்பது இன்னும் நம்மிடையே வேரூன்றவில்லை.

மனிதன் அருகே நில்லாமலே வானத்தைப் பார்க்கும் தொலைகாட்டிகள் இன்று உலகின் பல பாகங்களிலும் இயங்குகின்றன. இவற்றைப் பற்றி எழுதுவோர் இயந்திரத்தின் விந்தையை விவரிப்பதோடு நிறுத்திக்கொள்கின்றனர். ஆயின் ஓர் இயந்திரம் தானாக இயங்குகிறது என்று கூறும்போது, முன்னர் அவ்வேலையைச் செய்தவர் யார், இப்பொழுது அவர் எங்குள்ளார் என்று கேட்பது வரலாற்று மாணவனின் கடமையாகும். ஹற்றனிலும் நுவரெலியாவிலும் வாழ்வோருக்கு இக்கேள்வி ஏட்டுக் கேள்வியன்று. தேயிலைத் தொழிற்சாலையினுள் நுழைந்த இயந்திரங்களை அவர்கள் அறிவர். எனவே வானியலின் தன்னியக்க வரலாற்றைத் தமிழர் வாழும் நிலங்களின் உழைப்பு வரலாற்றோடு இணைத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

தமிழகத்தின் கொடைக்கானலும் இலங்கையின் மலையகமும் ஒரே பஞ்சத்தினால் இணைக்கப்பட்டவை. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைச் சூறையாடிய கொடும் பஞ்சத்தைத் தமிழ் மக்கள் தாது வருடப் பஞ்சம் என நினைவிற் கொண்டுள்ளனர். மழை பொய்த்தமை மட்டும் அதற்குக் காரணமன்று. தானியம் சந்தையின் விதிப்படி நகர்ந்ததும், நிலவரியைத் தளர்த்துவதில் ஆட்சியாளர் காட்டிய கடுமையும் சேர்ந்தே வறட்சியைப் பஞ்சமாக்கின. அக்காலத்தில் பெருந்தொகையான மக்கள் கடல் கடந்து இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்த அப்பயணத்தில் வழியிலேயே மாண்டோர் பலர்.

இதே பஞ்சம் ஆட்சியாளரிடையே வேறொரு விளைவை உண்டாக்கியது. ஞாயிற்றின் மீது தோன்றும் கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறைகின்றன. இச்சுழற்சிக்கும் சென்னையின் மழைவீழ்ச்சிக்கும் தொடர்புண்டு என வில்லியம் ஹண்டரும் வானியலாளர் நோர்மன் லொக்கியரும் 1877இல் எழுதினர். பஞ்சத்தை முன்னறிய வேண்டுமாயின் ஞாயிற்றை இடையறாது அவதானிக்க வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது. இதன் பயனாகவே பழனி மலைத்தொடரிலே கொடைக்கானல் தெரிவு செய்யப்பட்டு, 1895இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1899இல் சென்னையின் வானியற் பணி அங்கு மாற்றப்பட்டது. பஞ்சத்தின் காரணத்தைத் தன் வரிக்கொள்கையிலே தேடாத ஓர் அரசு, அதனை ஞாயிற்றின் முகத்திலே தேடியது.

இவ்வாறு கூறுவதனால் கொடைக்கானலின் விஞ்ஞானப் பயனை நாம் மறுப்பதாகாது. கரும்புள்ளியினின்றும் வாயுக்கள் ஆரை வழியே வெளிநோக்கிப் பாய்வதை ஜோன் எவர்செட் 1909இல் அங்கிருந்தே கண்டறிந்தார். 1904 தொடக்கம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அங்கு எடுக்கப்பட்ட ஞாயிற்றுப் படங்கள் இன்று உலக ஆய்வாளருக்குப் பொதுச் செல்வமாயுள்ளன. ஆயின் நாள்தோறும் காலையில் வானம் தெளிந்ததும் குவிமாடத்தைத் திறந்து, கண்ணாடித் தட்டைப் பொருத்தி, படமெடுத்து, கழுவி, இலக்கமிட்டு வைத்தவர்கள் உள்ளூர் உதவியாளரே. ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறையினர் இவ்வேலையைச் செய்ததும் உண்டு. எவர்செட்டின் பெயர் விளைவுக்குச் சூட்டப்பட்டது. இவர்களின் பெயர்களோ பதிவேட்டில் ஒடுங்கின.

பஞ்சம் ஒரு மலைக்குத் தொலைகாட்டியையும் மற்றொரு மலைக்குக் கூலியாட்களையும் அனுப்பியது. இவ்விரு நிகழ்வுகளையும் தனித்தனியே கற்றுவந்த நாம், ஒரே குடியேற்றவாத வரலாற்றின் இரு பக்கங்களாக இவற்றை இனியேனும் சேர்த்து வாசித்தல் வேண்டும்.

3

தன்னியக்கம் என்பது மின்னணு யுகத்திலே திடீரெனத் தோன்றியதன்று. வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியையும் சிந்தனை வேண்டாத செயலாக்கிய பின்னரே அதனை இயந்திரத்திடம் ஒப்படைக்க முடியும். தொழிற் பிரிவினை முந்தியது, இயந்திரம் பிந்தியது. தமிழ் வானியல் இதற்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டைத் தருகிறது.

சென்னை வான்நிலையத்தில் முன்னர்ப் பணியாற்றிய ஜோன் வாரன் என்பார் 1825இல் கால சங்கலிதம் என்னும் நூலை வெளியிட்டார். புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர், அவ்வாண்டு மே 31ஆம் திகதி இரவு நிகழவிருந்த சந்திர கிரகணத்தைத் தரையிலே சோழிகளைப் பரப்பி, மனனம் செய்த வாக்கியங்களின் துணையோடு கணித்துக் காட்டியதை அவர் பதிவு செய்துள்ளார். கிரகணத் தொடக்கத்தில் ஏற்பட்ட பிழை ஏறத்தாழ 4 நிமிடங்கள் மாத்திரமே. முடிவிலே பிழை ஏறக்குறைய 1 மணித்தியாலமாயிற்று. 248 சந்திர வாக்கியங்களில் எழுத்துக்களே எண்களாக நின்று சந்திரனின் நிலையைத் தருகின்றன. யாழ்ப்பாணத்தில் அச்சிடப்படும் வாக்கிய பஞ்சாங்கமும் இம்மரபினதே. 1952இல் ஒட்டோ நியூகெபவர் இம்முறையை ஆராய்ந்து, பாபிலோனிய எண்கணித முறைகளோடு அதற்குள்ள உறவைச் சுட்டிக்காட்டினார். கணிதருக்குக் கோட்பாடு தெரியவில்லை என்று வாரன் கருதினார். உண்மையில் தலைமுறைகளின் அறிவு விதிகளாக உறைந்து, விதியைப் பின்பற்றுவோனுக்கும் கோட்பாட்டுக்கும் இடையே விலகல் ஏற்பட்டுவிட்டிருந்தது. இன்று இதனையே நாம் நிரல் என்கிறோம்.

அதே 1820களில் இலண்டனில் சார்ள்ஸ் பாபேஜ் தம் கணிப்பு இயந்திரத்தைத் திட்டமிட்டார். வானியல், கடற்பயண அட்டவணைகளில் மலிந்திருந்த பிழைகளே அவரைத் தூண்டின. பிரான்சில் டி புரோனி என்பார் பெருங்கணிப்பொன்றைச் சிலர் வகுக்க, பலர் வெறுங் கூட்டலும் கழித்தலுமாகச் செய்து முடித்த முறையை 1832இல் வெளியிட்ட தம் நூலில் பாபேஜ் விளக்கினார். தொழிற்சாலையிற் போலவே மூளை உழைப்பையும் பிரிக்கலாம். பிரித்தால் அதன் விலையைக் குறைக்கலாம் என்பது அவருடைய முடிவு. மார்க்ஸ் மூலதனத்தில் இயந்திரத்தை ஆராயும்போது பாபேஜின் இந்நூலைப் பயன்படுத்தியுள்ளார். ஆகவே கணனியின் முன்வரலாறும் கூலியின் வரலாறும் ஒரே நூலின் பக்கங்களில் சந்திக்கின்றன எனலாம்.

வான்நிலையங்கள் ஏற்கெனவே தொழிற்சாலை ஒழுங்குக்கு உட்பட்டிருந்தன. கிரீனிச்சில் விண்மீன் கடக்கும் நேரத்தைத் தலைவரைவிட 0.8 செக்கன் பிந்திக் குறித்தார் என்பதற்காகக் கின்னெபுரூக் என்ற உதவியாளர் 1796இல் நீக்கப்பட்டார். ஒவ்வொரு மனிதனின் கண்ணும் கையும் வெவ்வேறு வேகத்தில் இயங்கும் என்னும் இயற்கை உண்மையை ஜெர்மானிய வானியலாளர் பெசல் பின்னரே விளக்கினார். குற்றமாகக் கருதப்பட்டது மனித இயல்பு என்பது தெரிந்தபோது வேலை போய்விட்டது. அவதானிப்போனின் உடலை ஒரு குறைபாடாகக் காணும் நோக்கு இங்கிருந்தே வளர்கிறது. அமெரிக்காவின் ஹாவார்ட் வான்நிலையத்தில் மணிக்கு 25 அல்லது 30 சதம் பெற்றுக் கண்ணாடித் தட்டுகளை அளந்த பெண்கள் கணிப்பாளர் என்றே அழைக்கப்பட்டனர். ஆங்கிலத்தில் அச்சொல்லே பின்னர் இயந்திரத்தின் பெயராயிற்று. அவர்களுள் ஒருவரான ஹென்றியேற்றா லீவிற் 1912இல் வெளியிட்ட விதியின்றிப் பிரபஞ்சத்தின் தூரங்களை அளந்திருக்க இயலாது.

சென்னையிலும் நிலைமை இதுவே. 1792இல் நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பனி அமைத்த வான்நிலையத்தின் கருங்கற்றூணில் தமிழ், தெலுங்கு உள்ளிட்ட மொழிகளிற் கல்வெட்டுப் பொறிக்கப்பட்டது. கல்லிலே தமிழ் இடம்பெற்றது. ஆய்வறிக்கையில் தமிழர் இடம்பெற நெடுங்காலம் சென்றது. சிந்தாமணி ரகுநாதாச்சாரி அங்கு பல ஆண்டுகள் உதவியாளராக உழைத்து, 1867இல் ரெற்றிக்குலம் விண்மீன் தொகுதியில் ஒளி மாறும் விண்மீனொன்றைக் கண்டறிந்தார். 1874ஆம் ஆண்டின் வெள்ளி இடைநகர்வைப் பற்றிப் பல இந்திய மொழிகளிலும் மக்களுக்கு விளக்கம் எழுதியவரும் அவரே. ஆயினும் உதவியாளர் என்னும் நிலையிலேயே அவர் 1880இல் மறைந்தார். அவர் விண்மீனைக் கண்ட அதே 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் ரெயிலர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இது தற்செயலான ஒற்றுமையே. ஆனால் பெயர் பெறும் கண்டறிவும் பெயரற்ற உழைப்பும் ஒரே பேரரசில் எவ்வாறு பங்கிடப்பட்டன என்பதை எண்ணிப் பார்க்க அந்த ஆண்டு நமக்கு உதவுகிறது.

4

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னரே தொலைகாட்டி மனிதனின் கையை விட்டு நீங்கத் தொடங்கியது. 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் 8 அங்குலத் தொலைகாட்டியொன்று சிறு கணனியின் ஆணைப்படி இயங்கியது. 1983இல் அரிசோனாவில் லூயிஸ் பொய்ட் அமைத்த ஒளியளவைத் தொலைகாட்டி, விண்மீன்களைத் தானே தேடி, தானே அளந்து, விடியும்வரை உழைத்தது. பின்னர் லிக் வான்நிலையத்தின் 76 சென்ரிமீற்றர்த் தொலைகாட்டி விண்மீன் வெடிப்புகளைத் தேடும் பணியில் ஈடுபடுத்தப்பட்டது.

இத்தகைய தொலைகாட்டி செய்யும் வேலை யாது? ஈரப்பதம், காற்று, முகில் ஆகியவற்றை உணரும் கருவிகள் முதலிற் செய்தி தருகின்றன. வானம் தகுந்ததாயின் கூரை திறக்கிறது. அன்றைய இரவில் எதனை எப்பொழுது பார்க்க வேண்டும் என்பதை நிரலொன்று வரிசைப்படுத்துகிறது. படம் எடுக்கப்பட்டதும் பழைய படத்தோடு ஒப்பிடப்பட்டு, புதிய ஒளிப்புள்ளி இருப்பின் அறிவித்தல் அனுப்பப்படுகிறது. மழைத்துளி விழுந்தால் கூரை மூடுகிறது. முன்னர் இரவு உதவியாளர் ஒருவரின் அனுபவத்திலும் செவியிலும் தங்கியிருந்த முடிவுகள் இவை.

சில உண்மைகளை மனிதக் கை எட்டவே முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1999 ஜனவரி 23ஆம் திகதி விண்மதி ஒன்று காமாக் கதிர் வெடிப்பொன்றை உணர்ந்து அறிவித்தது. அவ்வெடிப்புத் தொடங்கி 22 செக்கன்களில் றொட்சே என்னும் தன்னியக்கத் தொலைகாட்டி அதன் ஒளியைப் படம் பிடித்தது. உறங்கும் வானியலாளரை எழுப்பி அழைத்துவர அந்நேரம் போதாது. ஆகவே இயந்திரத்தை வெறுப்பது நமது நிலைப்பாடாக இருக்க முடியாது. உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சியை வரவேற்றுக்கொண்டே அது யாருடைய உடைமையில் வளர்கிறது என்று கேட்பதே இயங்கியல் நோக்காகும்.

இந்தியத் துணைக்கண்டத்தில் இவ்வளர்ச்சி தமிழகத்து மலையொன்றின் வழியாகவே சென்றது. ஜவ்வாது மலையின் காவலூரில் வைணு பாப்பு 1968இல் 38 சென்ரிமீற்றர்த் தொலைகாட்டியோடு பணியைத் தொடங்கினார். 1972இல் 1 மீற்றர்த் தொலைகாட்டி வந்தது. உள்நாட்டிலேயே உருவாக்கப்பட்ட 2.34 மீற்றர்த் தொலைகாட்டி அவர் மறைந்த பின்னர் 1986இல் திறந்துவைக்கப்பட்டது. அடுத்த கட்டத்தில் லடாக்கின் ஹன்லேயில், ஏறத்தாழ 4500 மீற்றர் உயரத்தில், 2 மீற்றர் இமாலயச் சந்திரா தொலைகாட்டி நிறுவப்பட்டு 2001இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. பெங்களூருக்கு அருகிலுள்ள ஹொசகோட்டையில் அமர்ந்து விண்மதித் தொடர்பின் வழியே ஆய்வாளர் அதனை இயக்கினர். 2018இல் அதே ஹன்லேயில் 0.7 மீற்றர் குரோத் இந்தியத் தொலைகாட்டி முழுத் தன்னியக்கமாகச் செயற்படத் தொடங்கியது. சிலியில் அமைந்த 8.4 மீற்றர் வேரா ரூபின் வான்நிலையம் 2025இல் முதற்படங்களை வெளியிட்டது. இரவொன்றில் அது அனுப்பவல்ல அறிவித்தல்கள் மில்லியன் கணக்கிலானவை. அவற்றை மனிதர் வாசித்து முடித்தல் இயலாது, வாசிப்பதும் இயந்திரமே.

5

இத்தொலைகாட்டிகளின் கண் எது? 1969இல் பெல் ஆய்வுகூடத்தில் வில்லாட் பொய்லும் ஜோர்ஜ் ஸ்மித்தும் உருவாக்கிய சீ.சீ.டி. எனப்படும் ஒளியுணர் சில்லே நெடுங்காலமாக அதன் அடிப்படை. ஒளியை மின்னேற்றமாக மாற்றி எண்களாகத் தரும் அச்சில்லுக்காக 2009இல் அவர்களுக்கு நோபெல் பரிசிற் பங்கு கிடைத்தது. கண்ணாடித் தட்டும், அதனை உருப்பெருக்கியின் கீழ் அளந்த பெண்களும் வான்நிலையத்தை விட்டு நீங்கியமைக்கு இச்சில்லு ஒரு முக்கிய காரணம்.

இதே சில்லு மலையகத்துக்கும் வந்தது. ஆனால் வானத்தை நோக்கியன்று. தேயிலைத் தொழிற்சாலையில், நம் மக்கள் ஸ்டோர் என்று வழங்கும் அக்கட்டடத்தில், உலர்ந்த தூளினின்றும் தண்டையும் நாரையும் பிரித்தெடுக்கும் வேலை பெண்களின் கையில் இருந்தது. தரையில் அமர்ந்து, தூசியினூடே, கறுத்த இலைக்கும் சிவந்த தண்டுக்குமுள்ள வேறுபாட்டை நாள் முழுவதும் கண்ணால் பகுக்கும் வேலை அது. இன்று பல தொழிற்சாலைகளில் நிறம் பிரிக்கும் இயந்திரம் அவ்விடத்தில் நிற்கிறது. தூள் சரிவாய்க்கால் வழியே விழும்போது புகைப்படக் கருவி ஒவ்வொரு துணுக்கையும் பார்க்கிறது. வெளிறிய தண்டைக் கண்டதும் காற்றை ஊதி ஒதுக்கித் தள்ளுகிறது. இருண்ட பின்னணியில் ஒளி மாறும் புள்ளியைக் கண்டறிதலே தொலைகாட்டியின் வேலை. இருண்ட தூளில் நிறம் மாறும் துணுக்கைக் கண்டறிதலே இவ்வியந்திரத்தின் வேலை. அடிப்படை ஒன்றே.

விளைவுகள் ஒன்றல்ல. தொலைகாட்டி தானியங்கியானபோது வானியலாளர் இரவில் உறங்கினார். காலையில் எண்களோடு சிந்தித்தார். அவருடைய சம்பளம் குறையவில்லை. தண்டு பொறுக்கும் பெண்ணின் வேலை இயந்திரத்திற்குச் சென்றபோது அவளுக்குச் சிந்திக்கும் நேரம் கிடைக்கவில்லை. பேர் இல்லாத நாளே கிடைத்தது. தோட்டத்தில் பேர் என்பது ஒரு நாட் சம்பளம் என்பதை இங்குள்ள வாசகர் அறிவர். மார்க்ஸ் 1857, 1858ஆம் ஆண்டுகளின் குறிப்பேடுகளில், உற்பத்தியை மனிதன் தன் கையாற் செய்வதை விட்டு மேற்பார்வை செய்பவனாக விலகி நிற்கும் காலமொன்றைக் கற்பனை செய்தார். அக்காலத்தில் செல்வத்தின் அளவுகோல் ஓய்வு நேரமே என்றும் கருதினார். வானியலாளர் அந்நிலையைத் தொட்டுவிட்டார். ஸ்டோரின் பெண் தொடவில்லை. இவ்வேறுபாடு சில்லிலிருந்து பிறக்கவில்லை; உடைமை உறவுகளிலிருந்து பிறக்கிறது. தோட்டங்கள் 1970களின் நடுப்பகுதிக்குள் அரசுடைமையாகி, 1992இல் முகாமை மீண்டும் கம்பனிகளிடம் சென்றன. இவ்விரு மாற்றங்களின்போதும் இயந்திரம் யாருக்கு ஓய்வு தர வேண்டும் என்னும் வினா எழுப்பப்படவில்லை.

6

மலையகத்திற்கு விஞ்ஞான நிறுவனங்கள் வராமல் இல்லை. சிங்கோனாச் செய்கைக்காக 1861இல் ஹக்கல தாவரவியற் பூங்கா அமைந்தது. 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் பின்னர்த் தலவாக்கலையில் நிலைகொண்டது. பெருந்தோட்டத்துக்குத் தேவையான விஞ்ஞானம் வந்தது. மண்ணும் இலையும் நோயும் ஆராயப்பட்டன. அவ்விலையைப் பறித்தவரின் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் கற்பிக்கும் தேவை தோட்டத்துக்கு இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களில்தான். உயர்தர விஞ்ஞானப் பிரிவுக்காக ஊர் விட்டு ஊர் செல்லும் பிள்ளைகளை இன்றும் காண்கிறோம்.

பெரிய வான்நிலையமொன்று இங்கு அமையாததற்குப் பருவக்காற்றின் முகில்களும் ஒரு காரணமே. இலங்கையின் 45 சென்ரிமீற்றர்த் தொலைகாட்டி 1996இல் யப்பானிய உதவியுடன் பெறப்பட்டு, மேல் மாகாணத்தில் மொரட்டுவையின் கட்டுபெத்தையிலுள்ள ஆதர் சீ. கிளார்க் நிலையத்தில் அமைந்தது. ஆயின் தன்னியக்கத் தொலைகாட்டி, முகிலென்னும் இக்காரணத்தையே பொருளற்றதாக்கிவிட்டது. அவதானிப்போன் தொலைகாட்டியின் அருகில் இருக்க வேண்டியதில்லை. ஹவாயிலும் அவுஸ்திரேலியாவிலுமுள்ள போக்ஸ் தொலைகாட்டிகள் 2 மீற்றர் விட்டமுடையவை. பிரித்தானியப் பாடசாலை மாணவர் வகுப்பறையிலிருந்தே இணையத்தின் வழி அவற்றைப் பயன்படுத்தி வருகின்றனர். ஹன்லேயைச் சுற்றிய நிலப்பரப்பு 2022இல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டபோது, உள்ளூர்க் கிராமத்தவருக்குச் சிறு தொலைகாட்டிகளும் பயிற்சியும் வழங்கப்பட்டன. மலைவாசிகளை விஞ்ஞானத்தின் காவற்காரராக மட்டுமன்றிப் பங்காளராகவும் கருதலாம் என்பதற்கு இது சிறியதேனும் ஒரு சான்றாகும்.

ஆகவே மலையகத் தொழிற்சங்கங்களும் ஆசிரியரும் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களும் இரு கோரிக்கைகளைச் சேர்த்து முன்வைத்தல் வேண்டும். ஸ்டோரினுள் இயந்திரம் வருமாயின் அதன் பயன் குறைந்த வேலைநேரமாகவும் குறையாத சம்பளமாகவும் தொழிலாளிக்குச் சேர வேண்டும் என்பது ஒன்று. அதே இயந்திர அறிவு தோட்டப் பாடசாலையின் மேசைக்கும் வர வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவது இன்றி இரண்டாவது தர்மகாரியமாகிவிடும். இரண்டாவது இன்றி முதலாவது வெறுங் கூலிப் பேரமாகக் குறுகிவிடும்.

இது நடைமுறைக்கு ஒவ்வாத கனவன்று. ஹற்றனில் நண்பகல் 12 மணியாகும்போது ஹவாயில் முந்திய நாள் இரவு 8.30. மலையிலே தாய் கொழுந்தை நிறுக்கக் கொண்டுசெல்லும் வேளையில், கீழே பாடசாலையில் அமர்ந்திருக்கும் மகளுக்கு ஓர் இரவு வானம் திறந்தே இருக்கிறது. தாது வருடத்தில் கால்நடையாக வந்தவர்களின் வழித்தோன்றலுக்கு அவ்வானத்தில் உரிமை உண்டு. அவ்வுரிமைக்கு இன்று தடையாக நிற்பது முகிலும் தூரமும் அல்ல.